ஹெல்மெட்டுக்குள் எங்கள் சந்து

திண்டுக்கல் காய்கறி மார்க்கெட்டின் முதுகுப்புறத்தில் இருந்தது எங்கள் சந்து. முப்பது நாற்பது வீடுகள் இருக்கும். அத்தனை வீட்டுக்கும் சேர்த்துச் சந்தின் கோடியில் ஒரே ஒரு பொதுக் கழிப்பறை. பெண்கள் பக்கம் நான்கு அறைகள். இரண்டுக்குக் கதவு கிடையாது. கதவு இருந்த இரண்டிலும் உள்தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே சன்னல் உடைந்து கிடந்தது. ஆண்கள் பக்கத்துத் தொட்டி மேல் ஏறி நின்றால் அந்த ஓட்டை வழியாக எல்லாம் தெரியும். ஏறி நின்றவர்களும் உண்டு. தரையில் புழு நெளியும். கால் வைக்க யாரோ போட்டுவைத்த மூன்று செங்கல்கள்தான் பாதை.

தொண்ணூறுகள் முழுவதும் நான் அங்கேதான் போய்வந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன், மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கண் இருட்டிக்கொண்டு வரும்போது வெளியே வந்துவிடுவேன். அந்த நாற்றம் சடையில் ஏறிவிடும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை லேசாக நகர்ந்து உட்கார்ந்தால், அது அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அம்மா மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் சின்ன வெங்காயம் பொறுக்குகிற வேலை செய்தாள். அழுகலைத் தனியாக, நல்லதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அப்பா நான் பாலிடெக்னிக் படிக்கும்போதே இறந்துபோனார். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். முதலில் வீட்டு பிளான் வரைந்தேன், பிறகு வரையச் சொல்லிக்கொடுத்தேன். சந்தில் எனக்குக் 'கம்ப்யூட்டர் டீச்சர்' என்று பெயர். இரண்டாயிரத்துக்குப் பிறகு, வீடு கட்டுகிறவர்கள் வெறும் கோடுகளில் திருப்திப்படவில்லை. கட்டப்போகிற வீட்டுக்குள் கம்ப்யூட்டரிலேயே நடந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வித்தையையும் சிடி வாங்கிப் போட்டு நானாகக் கற்றுக்கொண்டேன். ஊரில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதனால்தான் அந்தக் கம்பெனி என்னைத் தேடி வந்தது.

வெளியூர்க் கம்பெனி. மார்க்கெட்டையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் புதுப்பிக்கப்போகிறோம் என்றார்கள். அது யாருடைய பணம், யார் உத்தரவு என்பது கடைசிவரை எனக்குச் சரியாகத் தெரியாது. 'கம்பெனி' என்றே எல்லோரும் சொன்னோம். அதன் மேலாளர் நாற்பது வயதுக்காரர், மெதுவாக, மரியாதையாகப் பேசுவார். எல்லாப் பெண்களும் அவருக்கு மேடம்தான்.

"பிளான் ஷீட்டைக் காட்டினா மக்களுக்குப் புரியாது மேடம்," என்றார். "அவங்க தெருவுக்குள்ளேயே அவங்கள நடக்க விடணும். பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு கண்ணால பாக்கணும். பாத்துட்டு அவங்களே சொல்லட்டும், இது வேணும், அது வேணாம்னு. ஊர அவங்கதான் டிசைன் பண்ணப்போறாங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் அந்த யோசனையில் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் சந்தில் யாரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. குழாய் போட்டபோதும் கேட்கவில்லை, பிடுங்கியபோதும் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

வேலை தொடங்கியதும் முதலில் சந்தைப் படம் எடுத்தோம். அந்தப் படங்களைத்தான் கம்ப்யூட்டரில் கட்டும் சுவர்கள்மேல் ஒட்ட வேண்டும். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, மேலாளர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் வந்தார். மார்க்கெட் சாக்கடை எங்கள் வாசல்களை ஒட்டித்தான் ஓடும். அழுகின வெங்காயச் சருகும், கறிக்கடையில் இருந்து வரும் ரத்தத் தண்ணீரும், வாழை மட்டையும் சேர்ந்து கறுப்பாகக் கொழகொழவென்று போய்க்கொண்டிருக்கும். நான் குனிந்து அதைப் படம் எடுத்தேன்.

"அது எதுக்கு மேடம்? சுவர் மட்டும் போதும்."

"இது இருக்குல்ல சார்?"

"இனிமே இருக்காது. இல்லாததை எதுக்கு எடுக்கணும்?"

கழிப்பறைப் பக்கம் அவர் வரவே இல்லை. பத்தடி தூரத்தில் நின்று, கையால் காற்றில் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார். "அந்த இடத்துல ஒரு காபி ஷாப் வருது. திறந்தவெளி. குடை, நாற்காலி எல்லாம் போட்டுடுங்க."

போட்டேன். இரண்டு மாதம் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து எங்கள் சந்தை எழுப்பினேன். சாக்கடை இருந்த இடத்தில் கல் பாவினேன். சுவரின் காரை பெயர்ந்த இடங்களையும் வெற்றிலைத் துப்பலையும் ஒவ்வொன்றாக அழித்தேன். படத்தில் தெரிந்த ஈக்களைக்கூட அழித்தேன். நடுவில் ஒரு செயற்கை நீரூற்று வைத்தேன். நான் தினம் போய்வந்துகொண்டிருந்த கழிப்பறையின் இடத்தில் சிவப்புக் குடைகளை நட்டேன். அது போய்விட்டால் நாங்கள் எங்கே போவோம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு கட்டித் தருவார்கள்போல என்று நானே நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுவும் பொய். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. நிழல் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதிலேயே இருந்தேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கி, மூன்று பக்கமும் பெரிய திரை வைத்து, நடுவில் ஒரு சுழல் நாற்காலி போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஹெல்மெட் இருந்தது. உள்ளே கண்ணுக்கு நேராக இரண்டு சின்னத் திரைகள். அதை மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால் சந்தும் திரும்பும். கைப்பிடியை முன்னால் தள்ளினால் நடக்கலாம். ஹெல்மெட் போட்டவர் பார்ப்பதை மற்றவர்கள் திரைகளில் பார்ப்பார்கள். மூலையில் ஒரு சின்ன யந்திரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை மல்லிகை வாசனையைப் பீய்ச்சும். ஏசி ஓடியது. எங்கள் சந்தில் பாதிப் பேர் ஏசிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

முதல் நாள் எங்கள் சந்துப் பெண்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறமாதிரி வந்தார்கள். திரையில் சந்து தெரிந்ததும் ஒரு சத்தம் எழுந்தது. பிறகு சிரிப்பு. கம்பெனியிடம் நடமாடுகிற மனித உருவங்கள் ஒரு தொகுப்பாக இருந்தன. எல்லாம் வெள்ளைக்காரர்கள். அரைக்கால் சட்டை போட்ட ஆண்கள், நாயைப் பிடித்துக்கொண்டு போகிற பெண், குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு போகிற இன்னொருத்தி.

"யாருத்தா இவுக? நம்ம சந்துல எப்பக் குடிவந்தாக?"

"கொடைக்கானலுக்குப் போறவுக வத்தலக்குண்டுல இறங்காம வழி தப்பி இங்க வந்துட்டாக போல."

"அந்தா பாரு, என் வீட்டு வாசல்ல நாய விடுறா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. மேலாளரும் சிரித்தார். பிறகு யாராவது ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிப் பார்க்கலாம் என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் தள்ளினார்கள். கடைசியில் எங்கள் எதிர்வீட்டு அத்தை எழுந்து வந்தாள்.

அவளுக்குக் கறிக்கடைகளில் ஆட்டுக் குடல் கழுவுகிற வேலை. விடிந்ததில் இருந்து சுண்ணாம்புத் தண்ணீரில் கை போட்டுப் போட்டு விரல்கள் எல்லாம் வெளுத்துச் சுருங்கி இருக்கும். எவ்வளவு குளித்தாலும் அந்த வாடை போகாது. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சந்தில் யாருக்கும் பயப்பட மாட்டாள். தொட்டி மேல் ஏறி எட்டிப் பார்த்த ஒருத்தன் மூஞ்சியில் ஒரு வாளிக் குடல் தண்ணீரை ஊற்றியவள் அவள்தான்.

ஹெல்மெட்டை மாட்டி, கைப்பிடியைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு தலையை மெல்லத் திருப்பினாள். "ஏத்தா, இது என் வீடு! என் கதவு!" இன்னொரு கையை நீட்டிக் காற்றைத் தடவினாள். வாய் பிளந்திருந்தது. கம்பெனி ஆள் ஒருவர் அதைப் போட்டோ எடுத்தார். அத்தை நடக்கத் தொடங்கினாள். நீரூற்றைத் தாண்டினாள். சந்தின் கோடிக்குப் போனாள். குடைகளுக்கு நடுவே நின்றாள். இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"கக்கூஸ எங்கத்தா?"

கைப்பிடியைத் தள்ளிக் குடைகளைச் சுற்றி வந்தாள்.

"இங்கதான இருந்துச்சு? கக்கூஸ எங்க வச்சிருக்கீக?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். "ஆமா, கக்கூஸ் எங்க?" "வெள்ளைக்காரி எங்க போவா?" "அவ நாய் எங்க போகும்?" மேலாளர் கையை உயர்த்தி, "நல்ல பாயிண்ட். இதுதான் எங்களுக்கு வேணும். எழுதிக்கிறோம்," என்றார்.

அத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். தலையை வேகமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். படம் அவள் தலைக்கு ஈடுகொடுக்காமல் செத்த நேரம் கழித்துத்தான் திரும்பும். அதில் பலருக்குத் தலை சுற்றும் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களிடம் சொல்லவில்லை. திடீரென்று அவள் குனிந்தாள். நான் ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். கறுப்புத் துணியிலும் கம்பளத்திலும் என் கையிலும் வழிந்தது. காலையில் குடித்த கேப்பைக் கூழ். அந்த நேரம் பார்த்து மூலையில் இருந்த யந்திரம் மல்லிகையைப் பீய்ச்சியது. வாந்தி வாடையும் மல்லிகை வாசனையும் கலந்து வந்த அந்த நாற்றத்துக்கு இன்றும் என்னிடம் ஒரு சொல் இல்லை. கழிப்பறையில் பிடிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க தாயி, மன்னிச்சுக்கங்க," என்று அத்தை முந்தானையால் தரையைத் துடைக்கப் போனாள். நான் தடுத்துவிட்டுச் செய்தித்தாளைப் போட்டு அள்ளினேன். மேலாளர் சுவரோரம் போய் நின்றார். எல்லோரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஹெல்மெட்டை நல்லா டெட்டால் போட்டுத் துடைச்சிடுங்க மேடம். ஸ்பாஞ்சைக் கழற்றி வெயில்ல வைங்க. பெரிய அதிகாரிங்க வர்ற அன்னைக்கு வேற ஸ்பாஞ்ச் போட்டுக்கலாம். இவங்க போட்டதை அவங்க தலையில வைக்க முடியாது இல்லையா?"

அவர் அதைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. சாதாரணமாக, ஒரு ஒழுங்கைச் சொல்கிறமாதிரி சொன்னார். 'இவங்க' என்று அவர் சொன்னதில் நான் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

திட்டத்துக்குச் சந்து மக்களின் சம்மதக் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்த வாரம் ஒரு கையெழுத்தும் விழவில்லை. கம்பெனி ஆள் நோட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். எல்லா வாசலிலும் ஒரே பதில்தான். "கக்கூஸ் இல்லாத சந்துக்கு எதுக்குய்யா கையெழுத்து?"

நான்கு நாள் கழித்து மேலாளர் என் மேசைக்கு வந்தார். "ஒரு டாய்லெட் பிளாக் போட்டுடுங்க மேடம். நல்லாவே போடுங்க. அவங்ககிட்டயே கேட்டுப் போடுங்க."

இவ்வளவு நாளில் நான் சந்தோஷமாக வேலை செய்தது அந்த ஒரு வாரம்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து கேட்டேன். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு கொட்டித் தீர்த்தார்கள். எட்டு அறை வேண்டும் என்றார்கள். சன்னல் உயரத்தில், கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். உள்ளேயே குழாய். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சின்ன அறை. மாதவிலக்குத் துணியைப் போட மூடி வைத்த தொட்டி. சேலையைச் சுருட்டி மாட்ட ஓர் ஆணி. அந்த ஆணியைச் சொன்னவள் புதிதாகக் கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்தவள். "ஏனுங்க டீச்சர், சேலையப் பல்லுல கடிச்சிட்டே எம்புட்டு நேரமுங்க இருக்கறது?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் அப்படித்தான் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. "புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி போடு," என்றாள். "மறக்காம உள்தாழ்ப்பா போடு. நான் ஒருத்தியக் காவலுக்குக் கூப்பிடாம போய்ட்டு வரணும்."

எல்லாவற்றையும் போட்டேன். கதவைத் தள்ளினால் திறக்கிற மாதிரி, பொத்தானை அழுத்தினால் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி செய்தேன். தாழ்ப்பாள் விழும்போது 'டக்' என்று சத்தம் வர வேண்டும் என்பதற்காக எங்கள் வீட்டுக் கதவின் சத்தத்தையே பதிவு செய்து சேர்த்தேன். அந்தச் சத்தம் யாருக்கும் தேவையே இல்லை. இருந்தாலும் சேர்த்தேன்.

இரண்டாம் முறை பெண்கள் வந்தபோது கூட்டம் அதிகம். இந்தத் தடவை மெதுவாகத் தலையைத் திருப்பச் சொன்னேன். பக்கத்தில் வாளி வைத்தேன். அத்தைதான் முதலில் உட்கார்ந்தாள். நேராகக் கோடிக்குப் போனாள். கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தாள். நான் அவள் விரலைப் பொத்தான்மேல் வைத்து அழுத்தினேன். 'டக்' என்றது.

"தாழ்ப்பா போட்டேன்," என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் கூடத்தின் நடுவில், அந்தப் பெரிய ஹெல்மெட்டுக்குள் இருந்து மெல்லச் சொன்னாள். "இனி எவனும் வர முடியாது." அப்படியே உட்கார்ந்திருந்தாள். கழற்றச் சொன்னபோது, "செத்த நேரம் இருத்தா," என்றாள்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு வந்தார்கள். அம்மாவும் போனாள். ஹெல்மெட்டுக்குள் அவள் நரைமுடி மாட்டிக்கொண்டது, நான் எடுத்துவிட்டேன். வெளியே வந்து எல்லோரும் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அத்தையின் விரலில் ரேகை சரியாக விழவில்லை. சுண்ணாம்பு தின்றிருந்தது. மூன்று தடவை வைக்கவேண்டியிருந்தது. மையைத் தடவி அவள் விரலைப் பிடித்து அழுத்தியவள் நான்தான்.

அடுத்த வாரம் பழைய கழிப்பறையை இடித்தார்கள். சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ கேசரி கிண்டிக் கொடுத்தார்கள்.

இடித்து மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து மேசைமேல் இலையை விரித்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மேல அனுப்ப ஃபைனல் வெர்ஷன் வேணும் மேடம். அந்த டாய்லெட் பிளாக்கை எடுத்துட்டுப் பழையபடி காபி ஷாப்பைப் போட்டுடுங்க."

எனக்குப் புரியவில்லை. "சார், அதைப் பாத்துதான அவங்க கையெழுத்துப் போட்டாங்க?"

"அவங்க போட்டது திட்டத்துக்கு. படத்துக்கு இல்ல. அது கருத்துக் கேட்க வச்ச வெர்ஷன். கருத்து கேட்டாச்சு. ரிப்போர்ட்ல எழுதியும் இருக்கோம், 'சுகாதார வசதி குறித்த எதிர்பார்ப்பு'னு."

"அப்ப கட்ட மாட்டாங்களா?"

எலும்பை உறிஞ்சிவிட்டு இலை ஓரத்தில் வைத்தார். "பட்ஜெட்லயே அது கிடையாது மேடம். முதல்ல இருந்தே கிடையாது." எண்ணெய் வழியும் விரலால் என் திரையைத் தொட்டுக் காட்டினார். "இந்த இடம். இதான் எடுக்கணும்." கண்ணாடியில் மஞ்சளாக அவர் விரல் தடம் பதிந்தது, சரியாகக் கழிப்பறைக் கதவின் மேல்.

எழுந்து போயிருக்கலாம். அவரைத் திட்டியிருக்கலாம். அந்த இலையை அவர் மடியில் கவிழ்த்திருக்கலாம். பல வருஷம் நான் மனசுக்குள் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையில் நான் செய்தது ஒன்றுதான். மௌஸைப் பிடித்து அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பொத்தானை அழுத்தினேன். எட்டு அறை, குழாய், கம்பி, ஆணி எல்லாம் ஒரே அழுத்தில் போயின. குடைகள் வந்தன. பிறகு பாத்ரூமுக்குப் போய் நின்றேன். அந்த அலுவலகத்தில் பெண்களுக்கென்று வெள்ளை ஓடு பதித்த ஒரு பாத்ரூம் இருந்தது. அதில் நின்றுகொண்டு வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, குடைகளின் நிழலைச் சரிசெய்தேன்.

அதன்பிறகு சந்து எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆண்கள் எங்கேயோ போய்வந்தார்கள். பெண்கள் விடியும் முன்னால் கூட்டமாக ரயில் தண்டவாளத்தின் ஓரத்து முள்காட்டுக்குப் போனார்கள். தவறிவிட்டால் பொழுது சாய்கிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். அம்மாவால் முள்ளுக்குள் உட்கார்ந்து எழ முடியாது. வீட்டுக்குள் மூலையில் சேலையைக் கட்டி ஒரு பெயின்ட் வாளி வைத்தோம். அதைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் ஊற்றுவது என் வேலை. நான் கல் பாவி மூடிய அதே சாக்கடை. போகப்போக எல்லா வீட்டிலும் ஒரு வாளி வந்தது, முப்பது நாற்பது வாளிகளும் அதில்தான் விழுந்தன. மழை பெய்த ஒரு நாள் அது வாசற்படி ஏறி உள்ளே வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் மிதந்து வந்ததை அம்மா துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சமைக்கவில்லை. சோறும் இல்லை, வெஞ்சனமும் இல்லை.

ஒரு காலையில் வாளியை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அத்தை எதிரே நின்றாள்.

"டீச்சர், நீ போட்ட கக்கூஸ் எப்ப வருது?"

"வராது அத்தை."

"ஏன்?"

"படத்துலருந்து எடுத்துட்டாங்க."

"எவன் எடுத்தான்?"

எனக்கு அந்த இடத்தில் பொய் சொல்ல முடியவில்லை. "அவர் சொன்னாரு. நான்தான் எடுத்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். என் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள். பிறகு என் காலடியில் காறித் துப்பினாள். அன்றிலிருந்து சந்தில் என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிடவில்லை. அம்மாவிடம் பேசினார்கள், நான் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அம்மாவும் என்னை எதுவும் கேட்கவில்லை. வாளியை மட்டும் கொஞ்ச நாள் அவளே தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கம்பெனி மண்டபத்தைக் காலி செய்துகொண்டு போனது. காபி ஷாப்பும் வரவில்லை, கல்லும் பாவவில்லை. திட்டம் எங்கேயோ நின்றுபோனதாகச் சொன்னார்கள். ஐந்தாறு மாதம் கழித்துத் தபாலில் எனக்கு ஒரு புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். மக்களை எப்படி இந்தப் புதுத் தொழில்நுட்பம் திட்டத்துக்குள் கொண்டுவந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நடுப்பக்கத்தில் அத்தை. ஹெல்மெட் மாட்டி, கையை நீட்டி, வாய் பிளந்து. கீழே, 'தன் தெருவின் எதிர்காலத்தைக் கண்டு மகிழும் குடியிருப்பாளர்' என்று போட்டிருந்தது. அந்தப் போட்டோவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கழிப்பறையைத் தேடித் தேடி வாந்தி எடுத்தாள். பின்னட்டையில் நன்றி சொன்ன பட்டியலில் என் பெயர் இருந்தது.

அதுவரை எனக்கே என்மேல் இருந்த அருவருப்பு ஊமையாகக் கிடந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் அது அசைந்தது. அழிப்பதற்கு முன் ஒரு நகலை சிடியில் போட்டு வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது, தைரியத்தில் வைத்ததல்ல. அன்றைக்கே ஸ்டூடியோவுக்குப் போய், எட்டு அறைக் கழிப்பறையின் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கம்பெனிக்காக அன்று நான் எடுத்த நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸில் ஒரு பிரதி என்னிடம் இருந்தது. கைநாட்டுகள், தேதியோடு. அந்தப் புத்தகத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கொண்டுபோய் அத்தை வீட்டு வாசலில் வைத்தேன்.

"இதப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டோம்னு சொல்லுங்க அத்தை. நானும் வந்து சொல்றேன்."

அவள் படங்களைப் புரட்டினாள். தன் வாய் பிளந்த போட்டோவில் கொஞ்ச நேரம் நின்றாள். "நல்லாத்தான் புடிச்சிருக்கான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புத்தகத்தை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை.

பெண்கள் அந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன். அங்கே இருந்த அதிகாரி படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கேம்மா, எந்த ஊர்ல கட்டினது?" என்று கேட்டார். அத்தை அவர் மேசையில் கையை ஊன்றி, "எங்க ஊர்லதான்யா. இந்தா, இவ மண்டைக்குள்ள கட்டுனது," என்று என்னைக் காட்டினாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், அழித்தது நான் என்பதையும். அவர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் பல தடவை போனார்கள். இரண்டு தடவை மார்க்கெட் ரோட்டில் பெயின்ட் வாளிகளோடு உட்கார்ந்தார்கள். காலியான வாளிகள் அல்ல. செம்பட்டிப் பக்கம் போகிற பஸ்கள் எல்லாம் நின்றன. பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் திட்டினார்கள்.

முடிவில் கட்டினார்கள். வேறு ஏதோ திட்டத்தில், இரண்டு வருஷம் கழித்து. எட்டு இல்லை, நான்கு அறை. கம்பி இல்லை, ஆணி இல்லை, துணித் தொட்டி இல்லை. கதவு தகரம். வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, தினம் ஒரு தடவை நிரப்புவார்கள்.

திறந்த அன்று காலையில் பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். நான் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் சேர்ந்தேன். முன்னால் நின்ற அத்தை திரும்பிப் பார்த்தாள். வரிசையை விட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்து, முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு என்னிடம் வந்தாள். அன்றைக்கு என் காலடியில் துப்பிய பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ கடைசியில நில்லு."

நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் விலகி வழிவிட்டேன். என் முறை வந்தபோது வெயில் ஏறியிருந்தது, தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது.